பௌத்தத்துக்குப் புதியவர் எங்கிருந்து தொடங்கலாம்?

கேள்வி சுருக்கமாக இது: "கொஞ்ச நாளாக பௌத்தத்தில் ஈடுபாடு வந்திருக்கிறது. பிறந்தது வேறு மதத்தில். காணொளிகள் பார்த்து தியானம் செய்து பார்த்தேன், ஐந்து நிமிடத்துக்கு மேல் முடியவில்லை, மனம் ஓடிக்கொண்டே இருக்கிறது. குடும்பம், வேலை எல்லாம் உண்டு. எதிலிருந்து ஆரம்பிப்பது? மதம் மாற வேண்டுமா? எந்தப் பிரிவைத் தேர்ந்தெடுப்பது?"

தியானத்திலிருந்தே வருகிறேன். ஐந்து நிமிடம் உட்கார முடியவில்லை என்பதை உங்கள் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் கால் வைத்த இடம் பாதையின் நடுப்பகுதி. இன்றைக்கு பௌத்தம் என்றாலே கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் உருவம்தான் எங்கும் தென்படுகிறது, அதனால் பெரும்பாலோர் நேராக அங்கே போய்விடுகிறார்கள். புத்தர் இல்லறத்தாருக்குச் சொல்லிக்கொடுத்த வரிசை வேறு.

ஞானம் பெற்றபின் அவருடைய முதல் உரை இசிபதனத்தில், அதாவது இன்றைய சாரநாத்தில், ஐந்து துறவிகளுக்கு. அவர்கள் ஏற்கெனவே ஆண்டுக்கணக்கில் தவத்தில் இருந்தவர்கள். அவர்களிடம் துக்கம், அதன் காரணம், அதன் முடிவு, அதற்கான பாதை என்ற நான்கு உண்மைகளை நேராகவே எடுத்துச் சொன்னார். அடுத்து வந்தவன் யசன், வாரணாசியில் ஒரு செல்வந்தர் வீட்டுப் பிள்ளை. வாழ்க்கை கசந்துபோய், விடிவதற்குள் வீட்டை விட்டுக் கிளம்பி வந்தவன். அவனிடம் எடுத்த எடுப்பிலேயே துக்கத்தைப் பற்றிப் பேசவில்லை. முதலில் தானம், பிறகு சீலம், நல்ல செயலால் வரும் நற்கதி, அதற்கப்புறம் புலனின்பங்களில் இருக்கும் இடர், அவற்றை விடுவதில் கிடைக்கும் நிம்மதி என்று படிப்படியாகப் பேசினார். அவன் மனம் இளகித் தெளிந்தது தெரிந்த பிறகே நான்கு உண்மைகளுக்கு வந்தார். பிள்ளையைத் தேடி வந்த தகப்பனாருக்கும் இதே வரிசைதான். புத்தரின் உரைகள் உள்ள பாலி மொழி நூல்களில் இதற்கு அனுபுப்பிகதா, அதாவது படிப்படியான உரை, என்று பெயர், பல இல்லறத்தாருக்கு இது திரும்பத் திரும்ப வருகிறது. புதிதாக வருகிற யாருக்கும் நான் சொல்வது இந்த வரிசையைத்தான்: கொடுப்பது, ஒழுக்கம், அதன்மேல் தியானம்.

தானம் என்றதும் பெரிய நன்கொடை என்று நினைக்க வேண்டியதில்லை. 'என்னுடையது' என்ற பிடி கொஞ்சம் தளர்கிறதா என்பதுதான் அதில் பயிற்சி. கொடுப்பதன் பலனை நான் அறிந்த அளவுக்கு உயிர்கள் அறிந்திருந்தால், கடைசிக் கவளமாக இருந்தாலும் பகிராமல் உண்ண மாட்டார்கள் என்று இதிவுத்தகம் என்ற பாலி நூலில் புத்தர் சொல்கிறார். பணமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அவசரமாக இருக்கும்போது ஒருவர் பேசுவதை முழுசாகக் கேட்பதும், செய்த வேலையின் பெருமையை உடன் உழைத்தவருக்கும் விட்டுக்கொடுப்பதும் கொடுப்பதுதான். கொடுப்பதற்கு முன்னும், கொடுக்கும்போதும், கொடுத்த பின்னும் மனம் எப்படி இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். கொடுத்த பிறகு ஒரு கணக்கு ஓட ஆரம்பிக்கும்: அவர் நன்றி சொன்னாரா, திருப்பித் தருவாரா? அந்தக் கணக்கை அடையாளம் கண்டுகொண்டாலே போதும். தன் மனத்தைத் தானே கவனிக்கும் பழக்கம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

அடுத்தது பஞ்சசீலம். உயிரைக் கொல்லாமை, கொடுக்கப்படாததை எடுக்காமை, தவறான பாலுறவில் ஈடுபடாமை, பொய் சொல்லாமை, மயக்கம் தரும் மது முதலியவற்றை விலக்குதல். இவை மேலிருந்து வந்த கட்டளைகள் இல்லை. 'விலகியிருக்கும் இந்தப் பயிற்சியை நான் ஏற்கிறேன்' என்று ஒருவர் தன் வாயால் சொல்லி எடுத்துக்கொள்வது. அதனால் ஒன்று தவறிப்போனால் தண்டனை தர யாரும் இல்லை. தவறியதைத் தெரிந்துகொண்டு மறுபடி ஏற்க வேண்டியதுதான்.

இவற்றில் நான்காவதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மற்ற நான்கையும் பலரும் தெரியாமலே ஓரளவு கடைப்பிடித்து வருகிறோம். வாய் மட்டும் நாள் முழுக்க ஓய்வதில்லை. துக்கத்தை முடிக்கப் புத்தர் காட்டிய எண்வழிப் பாதையில் நற்பேச்சு என்று வரும் இடத்தில் பொய்யோடு கோள், கடுஞ்சொல், வெற்றுப் பேச்சு மூன்றும் சேர்ந்துவிடுகின்றன. ஒரு வாரம் இதை மட்டும் கவனித்துப் பாருங்கள். கிளம்பாமலே 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று சொல்வது, தலைப்பை மட்டும் படித்துவிட்டு ஒரு செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்புவது, அங்கே இல்லாத ஒருவரைப் பற்றிப் பேசும்போது குரலில் ஏறும் சுவை, இவையெல்லாம் கண்ணில் படும். அபய ராஜகுமாரனிடம் பேசும்போது புத்தர் தன் சொல்லுக்கு வைத்துக்கொண்ட அளவுகோலைச் சொல்கிறார்: அது உண்மையா, பயனுள்ளதா, கேட்பவருக்கு இனிக்குமா கசக்குமா? உண்மையற்றதையும் பயனற்றதையும் அவர் சொல்வதில்லை. உண்மையாகவும் பயனுள்ளதாகவும் இருப்பது கேட்பவருக்கு இனித்தாலும் கசந்தாலும், அதற்கான நேரம் அறிந்து சொல்கிறார். இந்த 'நேரம் அறிந்து' என்ற பகுதி வீட்டிலும் வேலையிடத்திலும் எத்தனை சண்டைகளைத் தவிர்க்கும் என்று நீங்களே காண்பீர்கள்.

இதற்கும் தியானத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நேரடித் தொடர்பு உண்டு. பகலில் ஒரு பொய் சொல்லியிருந்தால், இரவு கண்ணை மூடியதும் அதைக் காப்பாற்றும் வேலையை மனம் தொடங்கிவிடும். ஒருவரைப் புண்படுத்தியிருந்தால் அந்த உரையாடல் திரும்பத் திரும்ப ஓடும். சீலம் இருந்தால் மனம் உறுத்தலின்றி இருக்கும், உறுத்தல் இல்லாத இடத்தில் மகிழ்ச்சி வரும், மகிழ்ச்சியில் உடல் தளரும், அந்த நிம்மதியில் மனம் தானாகவே ஒருமைப்படும் என்று ஒன்றிலிருந்து ஒன்றாகக் கோத்து, புத்தர் உரைகளின் தொகுப்புகளில் ஒன்றான அங்குத்தர நிகாயத்தில் வருகிறது. 'மனம் ஒருமைப்படட்டும்' என்று தனியாக விரும்பக்கூட வேண்டியதில்லையாம். உங்கள் மனம் ஓடுகிறது என்றால், அது எதை நோக்கி ஓடுகிறது என்று ஒருமுறை பாருங்கள். பாதிக்கு மேல் பகலில் முடிக்காமல் விட்ட கணக்காக இருக்கும்.

ஐந்தாவது சீலம் சிலருக்குக் கடினம். 'கொஞ்சம் குடித்தால் என்ன' என்ற கேள்வி எப்போதும் வரும். கவனம் தளரும்போது மற்ற நான்கும் எளிதில் தளர்ந்துவிடும் என்பதுதான் காரணம். மாமிசத்தைப் பொறுத்தவரை பௌத்தர்களிடையே ஒரே நிலை கிடையாது. தனக்காகக் கொல்லப்பட்டதைப் பார்க்காமலும் கேட்காமலும் சந்தேகிக்காமலும் இருந்தால் பிக்கு, அதாவது பௌத்தத் துறவி, ஏற்கலாம் என்பது பாலி நூல்களைப் பின்பற்றும் தேரவாத மரபு. மற்றொரு பெரும் பிரிவான மகாயானத்தின் சீன மரபில் துறவிகள் மரக்கறி உணவே உண்கிறார்கள். கொல்லாமையை ஏற்ற பிறகு உணவைப் பற்றிய கேள்வி உங்களுக்குள்ளேயே எழும். அப்போது முடிவு செய்யலாம்.

இரவில் படுக்கும் முன் செய்யக்கூடிய ஒரு சின்னப் பயிற்சியும் உண்டு. புத்தர் தன் மகன் ராகுலனுக்குச் சொன்னது, அப்போது ராகுலன் சிறுவன். கண்ணாடி எதற்கு என்று கேட்கிறார். பார்ப்பதற்கு என்கிறான் பிள்ளை. அப்படியே ஒவ்வொரு செயலையும் செய்யும் முன்பும், செய்யும்போதும், செய்த பின்பும் திரும்பிப் பார் என்கிறார்: இது எனக்கோ பிறருக்கோ இருவருக்குமோ துன்பம் தருமா? சொல்லுக்கும் எண்ணத்துக்கும் இதே கேள்விதான். தவறு என்று தெரிந்தால் நம்பகமான ஒருவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். நல்லது என்று தெரிந்தால் மகிழ வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தன் நல்ல செயலை நினைத்து மகிழ்வதும் பயிற்சியில் சேர்த்திதான்.

இப்போது உட்காருவதற்கு வருவோம். ஆனாபானசதி, மூச்சின்மேல் கவனம், தொடங்குவதற்கு ஏற்றது. சம்மணம் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றில்லை, நாற்காலி போதும். முதுகு நிமிர்ந்திருக்கட்டும், தோள் தளர்ந்திருக்கட்டும். தினமும் ஒரே நேரத்தில், பத்து நிமிடம். மூச்சை இழுத்து அடக்குவது பிராணாயாமம், இது வேறு. மூச்சு தானாக வந்துபோகட்டும். நீளமாக இருந்தால் நீளம் என்றும் குட்டையாக இருந்தால் குட்டை என்றும் தெரிந்துகொண்டால் போதும். ஆனாபானசதி சூத்திரம் என்ற புத்தர் உரையில் பதினாறு நிலைகள் சொல்லப்படுகின்றன, அவற்றில் முதல் இரண்டு இவைதான். பல மாதங்களுக்கு இந்த இரண்டே போதும். கவனம் நிற்கவே இல்லை என்றால் எண்ணலாம். கி.பி. 5-ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற பயிற்சி நூலில் ஐந்துக்குக் குறையாமல், பத்தைத் தாண்டாமல் எண்ணச் சொல்கிறது. குறைவாக எண்ணினால் மனம் நெருக்கடியில் தவிக்கும், பத்தைத் தாண்டினால் மூச்சை விட்டுவிட்டு எண்ணிலேயே தொங்கிக்கொள்ளும் என்று காரணமும் சொல்கிறது.

மனம் போய்விட்டது என்று தெரிகிற கணம் இருக்கிறதே, அதைத் தோல்வி என்று பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். அந்தக் கணத்தில்தான் விழிப்பு வேலை செய்திருக்கிறது. எரிச்சல் படாமல் மூச்சுக்குத் திரும்புங்கள். பத்து நிமிடத்தில் ஐம்பது முறை திரும்பினால் ஐம்பது முறை பயிற்சி நடந்திருக்கிறது. ஒளி தெரிந்தது, உடல் மிதந்தது என்று ஏதாவது நேர்ந்தால் அதைத் துரத்தவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம்.

தூக்கம் வந்தால் வெட்கப்பட எதுவும் இல்லை. புத்தரின் இரு தலைமைச் சீடர்களில் ஒருவரான மொக்கல்லானரே உட்கார்ந்தபடி தூங்கி விழுந்திருக்கிறார். அவருக்கு புத்தர் சொன்ன வழிகளை எப்போது படித்தாலும் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும், அவ்வளவு பரிவும் நடைமுறையும் அதில் உண்டு. எந்த எண்ணத்தில் இருந்தபோது தூக்கம் வந்ததோ அதை மாற்று; கேட்ட தம்மத்தை, அதாவது புத்தரின் போதனையை, நினைத்துப் பார்; வாய்விட்டு ஓது; காதுகளை இழுத்து உடம்பைத் தேய்; எழுந்து கண்ணைத் தண்ணீரால் கழுவி நாற்புறமும் பார், விண்மீன்களைப் பார்; வெளிச்சத்தை மனத்தில் நிறுத்து; முன்னும் பின்னும் நட. எதுவும் சரிவரவில்லையா, வலப்பக்கமாகச் சாய்ந்து படு, எழ வேண்டிய நேரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு.

மூச்சோடு கூட மெத்தாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதாவது எல்லா உயிர்களும் நலமாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தை வளர்ப்பது. தன்னிலிருந்து தொடங்கி, மதிப்புக்குரிய ஒருவர், நெருங்கியவர், முன்பின் தெரியாதவர், கடைசியாகப் பகைவர் என்று விரிப்பது வழக்கம். எடுத்த எடுப்பில் உங்களுக்குப் பெருங்கொடுமை செய்தவரை நினைத்து முயல வேண்டாம். மனம் ஒப்பாததை வாயால் மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதில் பலன் இல்லை.

ஒரு எச்சரிக்கை. கடுமையான மனச்சோர்வு, பழைய அதிர்ச்சியின் பாதிப்பு, மனநோய்க்கான சிகிச்சை ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் நீண்ட மௌன முகாம்களுக்கு உடனே போக வேண்டாம். மருந்தைத் தியானத்துக்காக நிறுத்தவே கூடாது. எஸ். என். கோயங்கா என்ற ஆசிரியரின் மரபில் நடக்கும் 10 நாள் விபஸ்ஸனா தியான முகாம்கள் உலகெங்கும் கட்டணமின்றி நடக்கின்றன, பலருக்குப் பெரிய திருப்பமாக அமைந்திருக்கின்றன. ஆனால் அங்கே நாளுக்குச் சுமார் பத்து மணி நேரம் உட்கார வேண்டும், கூடப் பயில்பவர்களோடு பேச்சு கிடையாது. விண்ணப்பத்தில் உடல்நிலை, மனநிலை பற்றிக் கேட்பதற்கு மறைக்காமல் பதில் எழுதுங்கள். வீட்டில் சில மாதங்கள் தினமும் உட்கார்ந்த பிறகு போவதுதான் என் பரிந்துரை.

நான்கு உண்மைகளை இவ்வளவு தள்ளிச் சொல்வதற்குக் காரணம் அவை வெறும் கோட்பாடாகப் போய்விடக் கூடாது என்பதே. முதல் உரையிலேயே ஒவ்வொன்றோடும் ஒரு வேலை சேர்த்துச் சொல்லப்படுகிறது. துக்கத்தைப் புரிந்துகொள்ள வேண்டும், அதன் காரணமான வேட்கையை விட வேண்டும், அது அற்றுப்போவதை நேரில் காண வேண்டும், அதற்கான எண்வழிப் பாதையை வளர்க்க வேண்டும். பெரும்பாலும் நாம் செய்வது இதற்கு நேர்மாறு: துக்கத்தை விரட்டப் பார்க்கிறோம், வேட்கையைப் புரிந்துகொண்டதாக நினைத்து வைத்துக்கொள்கிறோம். உங்களுக்கு வர வேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போய்விட்டது என்று வையுங்கள். ஏமாற்றம் வலிக்கத்தான் செய்யும். அதன்மேல் 'என்னை யாருமே மதிப்பதில்லை, எப்போதும் இப்படித்தான்' என்று இரவெல்லாம் ஓடுவது வேறொரு வலி. புத்தர் இதை அம்பு பட்டவன்மேல் இரண்டாவது அம்பும் பாய்வதாகச் சொல்கிறார். முதல் அம்பு புத்தரைப் போன்றவருக்கும் உண்டு, இரண்டாவதைத்தான் பயிற்சி நிறுத்துகிறது. இது தெரிய உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டும் போதாது; அலுவலகத்தில், அந்தச் செய்தி வந்த நிமிடத்தில் தெரிய வேண்டும்.

மதம் மாறுவது பற்றி. வேறொரு சமயத் தலைவரின் சீடராக இருந்த உபாலி என்ற செல்வந்தர் புத்தரோடு வாதிட வந்து, அங்கேயே மனம் மாறிச் சீடராக விரும்பினார். புத்தர் அவரை உடனே அள்ளிக்கொள்ளவில்லை. நன்றாக ஆராய்ந்து பார், உன்னைப் போல் பேர்பெற்றவர்கள் ஆராய்ந்து செய்வதே நல்லது என்றார். இதுவரை உன் வீட்டில் உணவு பெற்றுவந்த அந்தத் துறவிகளுக்குத் தொடர்ந்து கொடு என்றும் சொன்னார். ஆகவே நீங்களும் அவசரப்பட வேண்டாம். தானமும் சீலமும் மூச்சும் எந்த நம்பிக்கையில் இருப்பவரும் செய்யக்கூடியவை. புத்தர், அவருடைய போதனையான தம்மம், துறவியர் கூட்டமான சங்கம் மூன்றையும் சரணம் அடைவது தனி முடிவு. மகாநாமர் என்ற இல்லறத்தாருக்குச் சொன்ன பதிலில், சரணம் அடைந்தவர் உபாசகர் (இல்லறத்தில் இருக்கும் பௌத்தர்), ஐந்து சீலங்களையும் காப்பவர் சீலமுள்ள உபாசகர் என்று புத்தர் பிரித்துச் சொல்கிறார். உங்கள் மனம் அங்கே வந்து நிற்கும்போது ஒரு பிக்குவின் முன்னிலையில் எடுத்துக்கொள்ளலாம், அதுவரை காத்திருப்பதில் இழப்பு ஒன்றும் இல்லை. வீட்டில் உள்ளவர்களிடம் வாதிட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். உங்கள் பேச்சில் கடுமை குறைந்திருப்பதை அவர்களே முதலில் கவனிப்பார்கள்.

மறுபிறவியை நம்ப முடியவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சீக்கிரம் அந்தக் கேள்வி வரும். கேசபுத்த ஊரின் காலாமர்கள் என்ற மக்களுக்கும், யார் சொல்வதை ஏற்பது என்று குழப்பம் இருந்தது. அவர்களுக்குப் பழக்கம், மரபு, நூல், ஆசான்மேல் உள்ள மரியாதை ஆகியவற்றை வைத்து மட்டும் எதையும் ஏற்காதீர்கள் என்றார் புத்தர். இதை 'உன் அறிவுக்குப் பட்டதைச் செய்' என்று சுருக்கிப் பரப்புகிறார்கள், அது சரியில்லை. வெறும் தர்க்கத்தையும் ஊகத்தையும் அதே பட்டியலில்தான் அவர் வைக்கிறார். பேராசையும் வெறுப்பும் மயக்கமும் என்ன செய்கின்றன என்று நீங்களே பாருங்கள், அறிவுடையோர் எதைப் பழிக்கிறார்கள் என்றும் பாருங்கள் என்பதுதான் அளவுகோல். கடைசியில், மறுமை இருந்தால் நற்கதி கிடைக்கும், இல்லையென்றாலும் இங்கேயே பகையின்றித் துன்பமின்றி வாழ்கிறேன் என்ற ஆறுதலையும் தருகிறார். இந்தக் கேள்வியைத் திறந்தே வைத்துக்கொண்டு நெடுந்தூரம் போகலாம்.

பிரிவுகளைப் பொறுத்தவரை, தேரவாதமா ஜென்னா திபெத்திய மரபா என்று ஒப்பிட்டுக்கொண்டே வருடங்களைக் கழிப்பவர்கள் உண்டு. உங்களுக்கு எட்டும் தூரத்தில் நேர்மையான ஆசிரியரும் ஒழுங்காகப் பயிலும் சிலரும் எந்த மரபில் இருக்கிறார்களோ அதில் தொடங்குங்கள். சீலமும் மூச்சும் எல்லாவற்றிலும் உண்டு. திபெத்திய மரபில் உள்ள வச்சிரயானத்தில் குருவின் தீட்சை அடிப்படை என்பதால் அங்கே மட்டும் கூடுதல் நிதானம் தேவை.

எந்த மரபானாலும் ஆசிரியரைச் சோதித்துப் பார்ப்பது அவமரியாதை ஆகாது. வீமங்சக சூத்திரத்தில் தன்னையே ஆராய்ந்து பார்க்கும்படி சீடர்களிடம் புத்தர் சொல்கிறார்: கண்ணால் காணும் செயலிலும் காதால் கேட்கும் சொல்லிலும் மாசு உண்டா, புகழ் வந்தபின் ஏதாவது மாறியதா? ஒருவரின் சீலம் அவரோடு சேர்ந்து வாழ்ந்தால்தான், அதுவும் நெடுநாள் கவனித்தால்தான் தெரியும் என்று இன்னோர் இடத்தில் வருகிறது. இரகசிய உபதேசத்துக்குப் பெரிய தொகை கேட்பவர், சீடர்களோடு பாலுறவு வைப்பவர், குடும்பத்தையும் நண்பர்களையும் விட்டு விலகச் சொல்பவர், கேள்வி கேட்டால் உங்கள் ஆணவம் என்று வாயை அடைப்பவர் யாராக இருந்தாலும் விலகிவிடுங்கள். எத்தனை பட்டம் இருந்தாலும் சரி.

துணை என்பது சின்ன விஷயம் இல்லை. நல்ல நட்பு இந்த வாழ்வில் பாதி என்று சீடர் ஆனந்தர் சொன்னபோது, அப்படிச் சொல்லாதே, முழுவதும் அதுதான் என்று திருத்தினார் புத்தர். அருகில் யாரும் இல்லையென்றால் இணையவழிக் குழுவாவது தேடுங்கள், வாரம் ஒருமுறை சேர்ந்து உட்காருவது பழக்கத்தை நிலைக்க வைக்கும்.

படிப்பதற்கு: தம்மபதத்தில் 423 பாக்கள், நாளுக்கு ஒன்றிரண்டு போதும். குடும்பமும் வேலையும் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் அங்குத்தர நிகாயத்தில் தீகஜாணு என்ற இல்லறத்தாருக்குச் சொன்ன உரையைத் தேடிப் படியுங்கள். 'நாங்கள் பிள்ளைகுட்டிகளோடு வாழ்பவர்கள், சந்தனம் பூசி, மாலை அணிந்து, பொன்னும் வெள்ளியும் வைத்திருப்பவர்கள், எங்களுக்கு ஏற்றதாகச் சொல்லுங்கள்' என்று அவர் கேட்க, முயற்சியோடு சம்பாதிப்பது, சம்பாதித்ததைக் காப்பது, நல்ல நண்பர்கள், வரவுக்குள் செலவு என்று தொடங்கி, பிறகு நம்பிக்கை, சீலம், கொடை, ஞானம் என்று போகிறார் புத்தர். அப்புறம் இல்லறத்தாரின் கடமைகளைச் சொல்லும் சிகாலோவாத சூத்திரம், மூச்சுக்கு ஆனாபானசதி சூத்திரம். மனத்தை நுணுக்கமாகப் பகுத்துச் சொல்லும் அபிதம்ம நூல்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஆங்கிலம் வசதி என்றால் பிக்கு சுஜாதோவின் மொழிபெயர்ப்பில் முக்கிய நான்கு நிகாயங்களும் சுத்தசென்ட்ரல் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

இந்த மாதம் நான்காவது சீலத்தையும் தினசரிப் பத்து நிமிடத்தையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே தடைபடுகிறது என்று பிறகு எழுதினால், அதற்கேற்ப அடுத்ததைச் சொல்கிறேன்.